முட்டைக்கும் வரி கேட்ட வாசல்கள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக்குப் போகிற பலபேர் ஆர்னோ ஆற்றின் வடகரையோடேயே திரும்பிவிடுகிறார்கள். பெரிய குவிமாடத் தேவாலயம், உஃபீசி ஓவியக்கூடம், மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலை எல்லாம் அந்தப் பக்கம்தான். தென்கரைக்கு ஒல்த்ரார்னோ எண்டு பெயர். ஆர்னோவுக்கு அப்பால் என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. நாங்கள் அக்கரை எண்டு சொல்லுவமே, அதேதான்.

அந்த நகரத்தின் இடைக்கால மதிலில் மிச்சமிருக்கும் நீளமான துண்டுகளும் இந்த அக்கரையில்தான் இருக்கின்றன. மேற்கே பீசா வீதிக்குத் திறக்கும் சான் ஃப்ரெதியானோ வாசல். தெற்கே சியேனாவுக்கும் ரோமுக்கும் போகும் பாதையில் இன்றைக்கு ரோம வாசல் என்று அழைக்கப்படும் பழைய சான் பியர் கத்தொலீனி வாசல். குன்றின் மேலே சான் ஜோர்ஜோ வாசல். கிழக்கே ஆற்றங்கரையோடு சான் நிக்கொலோ வாசல். இவற்றைத் தவிர சின்னதாகச் சான் மினியாத்தோ வாசலும் உண்டு.

மதில் எண்டதும் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சண்டை. அம்பு, ஏணி, முற்றுகை. படங்களும் கேம்களும் பழக்கிவிட்ட காட்சி அது. ஆனால் இந்த மதிலின் கதையை வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டு போனால் அது எதிரியை நேருக்கு நேர் மறித்துக்கொண்டு நின்ற காலம் மிகவும் குறைவு. மற்ற நாட்களில் எல்லாம், காலையில் கதவு திறந்ததிலிருந்து பின்னேரம் பூட்டும்வரை, அது வேறொரு வேலை செய்தது. அந்த வேலைக்கான செலவை யார் கொடுத்தது என்பதுதான் எனக்கு இதில் முக்கியமான கேள்வி.

முதலில் மதில் வந்த கதை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் புளோரன்சில் ஆற்றைக் கடக்க ஒரே ஒரு பாலம்தான் இருந்தது. இன்றைக்குப் பொன்தே வெக்கியோ, அதாவது பழைய பாலம், நிற்கும் இடத்தில். அந்தப் பாலத்தின் தென்முனையிலிருந்து மூன்று வீதிகள் பிரிந்து போயின. அவற்றின் ஓரங்களில் வந்து குடியேறிய சனத்தால் உருவானதுதான் அக்கரை. 1218க்கும் 1258க்கும் இடையில் மேலும் மூன்று பாலங்கள் கட்டப்பட்டன. குடியிருப்பும் பெருகியது.

1258இல் நகரத்தின் மக்கள் அரசு, உபெர்த்தி என்ற பிரபுக் குடும்பத்தையும் அதன் கூட்டாளிகளையும் சதிக்குற்றம் சாட்டி வெளியேற்றியது. அவர்களுடைய வீடுகளும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. இடித்த கல்லைச் சும்மா விடவில்லை. ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்து, அக்கரையில் சான் ஜோர்ஜோ பக்கம் அப்போது கட்டிக்கொண்டிருந்த மதிலுக்குப் போட்டார்கள். துரத்தப்பட்டவர்களின் வீட்டுச் சுவரே அவர்கள் திரும்பி வராமல் மறிக்கிற மதிலாக மாறிவிட்டது. இதை எழுதிவைத்தவர் ஜொவான்னி வில்லானி என்ற வணிகர். புளோரன்சின் வரலாற்றை எழுதியவர். இனி இந்தக் கட்டுரை முழுக்க அவர் வந்துகொண்டே இருப்பார்.

இப்போது நாங்கள் பார்க்கும் மதில் அதற்குப் பிறகு வந்தது. 1284இல் திட்டமிட்டு 1333இல் முடித்தார்கள். ஏறத்தாழ ஐம்பது வருடம். முழுச் சுற்றளவு 8 கிலோமீற்றருக்கு மேல். வில்லானி சும்மா பார்த்து எழுதியவர் அல்ல. 1324இல் மதில் வேலையை மேற்பார்வை செய்த நகர அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஆகவே முழ அளவிலேயே கணக்குச் சொல்லுகிறார். உயரம், மேலேயுள்ள பல்வரிசையோடு சேர்த்து, 20 முழம். தடிப்பு மூன்றரை முழம். 200 முழத்துக்கு ஒரு கோபுரம். புளோரன்ஸ் முழம் எண்டது ஏறக்குறைய 58 சென்ரிமீற்றர். அப்படிப் பார்த்தால் பதினொன்றரை மீற்றர் உயரம், இரண்டு மீற்றர் தடிப்பு, நூற்றுச் சொச்சம் மீற்றருக்கு ஒரு கோபுரம். 1331இல் இந்த மதில் கட்டுமானப் பணத்தில் மோசடி செய்ததாக வில்லானி மீதே வழக்கு வந்து, பிறகு அவர் விடுவிக்கப்பட்டார். பெரிய கட்டுமானமும் கொந்தராத்துக் குற்றச்சாட்டும் 700 வருடத்துக்கு முதலே சேர்ந்துதான் நடந்திருக்கின்றன.

மதில் முடிந்த அதே 1333ஆம் வருடம் நவம்பர் 4ஆம் திகதி ஆர்னோ பெருக்கெடுத்துப் பழைய பாலத்தை அள்ளிக்கொண்டு போனது. மதிலிலும் சில பகுதிகள் விழுந்தன.

சண்டைக் கதையையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம். 1312 செப்டெம்பரில், மதில் பாதியில் நிற்கும்போதே, பேரரசர் ஏழாம் ஹென்றி படையோடு வந்து நகரத்தின் கிழக்குப் பக்கம் முகாமிட்டார். ஒன்றரை மாதம் அளவில் இருந்தார். ஆனால் நகரத்தைச் சுற்றி வளைக்க அவரிடம் ஆள் போதாது. அவர் இருந்த பக்கத்து வாசலைப் பூட்டிவிட்டு மற்ற வாசல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, சண்டையே இல்லாதது மாதிரிப் புளோரன்ஸ்காரர் வியாபாரம் செய்தார்கள் என்று வில்லானி சொல்லுகிறார். அவர்களுக்கு வாசல் எதற்காக இருந்தது என்பது எனக்கு இந்த இடத்தில்தான் விளங்கத் தொடங்கியது.

வாசலில் நின்றவன் வரி வாங்குகிறவன். அந்த வரிக்குக் கபெல்லா எண்டு பெயர். கோதுமை, வைன், இறைச்சி, எண்ணெய், விறகு, பழம், முட்டை எண்டு நகரத்துக்குள்ளே வருகிற கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் வாசலில் காசு கட்டவேண்டும். மதில் இல்லாவிட்டால் இந்த வரி இல்லை. பத்துப் பாதையால் பொருள் வருகிற ஊரில் யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று எண்ணமுடியாது. மதில் கட்டி, வாசலுக்கு வாசல் மேசை போட்டால் எண்ணலாம். இரவில் வாசல் பூட்டப்படுவதற்கும் பாதுகாப்பு மட்டும் காரணமில்லை. இருட்டில் மூட்டைக்குள் கைவிட்டுச் சோதிக்கமுடியாது.

சான் ஃப்ரெதியானோ வாசலில் இதை இன்றைக்கும் கண்ணால் பார்க்கலாம். மூன்று மாடி வீட்டளவு உயரமான மரக்கதவுகள், முழுக்க ஆணி அறையப்பட்டு, இன்னும் அங்கே இருக்கின்றன. வெளிப்பக்கச் சுவரில் குதிரை கட்டுகிற இரும்பு வளையங்கள் இருக்கின்றன. குதிரையைக் கட்டிவிட்டு நின்றால் காத்திருக்கிறார்கள் எண்டுதான் அர்த்தம்.

இந்த மேசைகளால் எவ்வளவு காசு வந்தது? 1336 முதல் 1338 வரையான காலத்துக்கு வில்லானி தரும் கணக்குப்படி நகர அரசின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 300,000 பொன் புளோரின். அதில் வாசல் வரி மட்டும் 90,200. வேறெந்த வரியும் அதற்குக் கிட்ட வரவில்லை. அடுத்த இடம் சில்லறையாக விற்கும் வைனுக்கான வரி, 60,000க்குக் கொஞ்சம் குறைவு. இரண்டையும் கூட்டினால் அரச வருமானத்தில் அரைவாசி, சனம் தின்றதிலும் குடித்ததிலும் இருந்து வந்தது.

வரி எழுதப்பட்டதால் இன்னொன்றும் நடந்தது. நகரம் தன்னைத்தானே எண்ணத் தெரிந்துகொண்டது. வருடத்துக்கு 55,000 கொஞ்ஞோ வைன் உள்ளே வந்தது என்பதை வில்லானி வாசல் வரிப் பதிவுகளிலிருந்துதான் எடுக்கிறார். ஒரு கொஞ்ஞோ 400 லீற்றருக்கு மேல். மொத்தத்தில் இரண்டு கோடி லீற்றரைத் தாண்டும். நகரத்தில் 90,000 பேர் இருந்தார்கள் என்று அவரே சொல்லுகிறார். மனுசர் தண்ணியைவிட வைனைத்தான் நம்பியிருக்கிறார்கள் போல. ஜூலை மாதத்தில் சான் ஃப்ரெதியானோ வாசலால் பொதி பொதியாக முலாம்பழம் வந்திறங்கியதையும் விடாமல் எழுதியிருக்கிறார். ஒரு நகரத்தின் வயிற்றை இந்த அளவு விபரமாகச் சொல்லும் ஆவணங்கள் 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

காசு வாங்குகிற இடத்தில் கள்ளமும் இருக்கும். ஃபிராங்கோ சாக்கெட்டி என்ற புளோரன்ஸ் எழுத்தாளர், 14ஆம் நூற்றாண்டின் கடைசியில், நகரத்துச் சனத்தைப் பற்றிச் சின்னச் சின்னக் கதைகள் நிறைய எழுதினார். அதில் ஒன்றில் ஒரு பெரிய பணக்காரர் வருகிறார். முட்டைக்கு வரி கட்ட மனமில்லாமல் முட்டைகளைக் காற்சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். விசயம் வரிக்காரருக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது. அவர்கள் கோபப்படவில்லை. ஐயா வாங்கோ, கொஞ்சம் இருங்கோ எண்டு மரியாதையாக உபசரித்து இருத்துகிறார்கள். மிச்சம் உங்களுக்கே விளங்கும். முட்டையும் போய், தண்டமும் கட்டி, மானமும் போய் அவர் வீட்டுக்குப் போகிறார்.

பொக்காச்சியோவின் டெக்கமெரோனில், எட்டாம் நாளின் மூன்றாவது கதையில், கலந்திரீனோ என்ற ஏமாளி ஓவியனுக்கு ஆளை மறைக்கும் மாயக்கல் கிடைத்துவிட்டதாக அவனுடைய கூட்டாளிகள் நம்பவைக்கிறார்கள். சட்டை நிறையக் கல்லைச் சுமந்துகொண்டு வடக்குப் பக்கத்துச் சான் கல்லோ வாசலால் உள்ளே வருகிறான். கூட்டாளிகள் முதலே காவலரிடம் சொல்லிவைத்தபடியால் அவர்கள் காணாதது மாதிரி இருக்கிறார்கள். வழமையாக எல்லாவற்றையும் கிண்டிப் பார்க்கிற வாசல்காரர் தன்னை ஒரு சொல்லும் கேட்கவில்லையே, அப்ப நான் உண்மையிலேயே மறைந்துவிட்டேன் எண்டு அவனுக்கு முடிவாகிவிடுகிறது. அந்தக் காலத்து வாசகருக்கு இதில் சிரிப்பு வந்ததற்குக் காரணம், சோதிக்காமல் விடுகிற வாசல்காரனை ஒருத்தரும் கண்டதில்லை என்பதுதான்.

இதுவரைக்கும் பகிடி. இனி வரியை யார் கட்டினார்கள் என்பதற்கு வருவோம்.

1315இல் புளோரன்ஸ் நகரத்துக்குள்ளே சொத்து மீதான நேர்வரியை நிறுத்தினார்கள். அதற்கு எஸ்திமோ எண்டு பெயர். வெளியே கிராமங்களில் அந்த வரி தொடர்ந்தது. நகரத்துக்குள்ளே இடையில் சில வருடங்களைத் தவிர நேர்வரி இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது வாசல் வரி. போர்ச்செலவு வந்தால் அரசு பணக்காரரிடம் கட்டாயக் கடன் வாங்கும். கட்டாயக் கடன் எண்டு கேட்க அநியாயம் மாதிரித் தெரியும். ஆனால் அதற்கு வட்டி உண்டு. 1345 அளவில் இந்தக் கடன்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ‘மொந்தே’ என்ற பெயரில், 5 வீத வட்டி கொடுக்கும் பொதுக்கடனாக மாற்றினார்கள். அந்த வட்டிக்குக் காசு பெருமளவில் கபெல்லாக்களிலிருந்து போனது. அதாவது சான் ஃப்ரெதியானோவில் கம்பளி சீவுகிற கூலியாள் வாங்குகிற கோதுமையிலும் எண்ணெயிலும் பிடித்த காசு, அவனுக்கு வேலை கொடுக்கும் முதலாளியின் கடன் வட்டியாகப் போய்ச் சேர்ந்தது. ஒருவருடைய அரைப்பங்கு வருமானம் சாப்பாட்டுக்கே போகும்போது சாப்பாட்டு வரி அவரைத்தான் ஆகக்கூடுதலாக அடிக்கும். இதை விளங்கிக்கொள்ளப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை.

வில்லானி பெரிய வணிகக் குழுமங்களில் பங்காளியாக இருந்தவர், ஏழைகளின் ஆள் இல்லை. அவரே வருமானக் கணக்கை எழுதிமுடித்த இடத்தில், குடிமக்களின் வறுமையிலிருந்து அரசின் வரவைக் கூட்டுவது கெட்ட யோசனை என்று நகர ஆட்சியாளர்களைப் பார்த்துக் குறைப்படுகிறார்.

அக்கரையின் மேற்குப் பகுதிதான் இந்தக் கூலிச்சனத்தின் இடம். சான் ஃப்ரெதியானோ வாசலுக்குக் கிட்ட, கமால்தொலி என்று அழைக்கப்பட்ட குச்சுகளில், கம்பளி கழுவுகிற, அடிக்கிற, சீவுகிற ஆக்கள் நெருக்கி இருந்தார்கள். நகரத்தின் 90,000 பேரில் 30,000 பேர் கம்பளித் தொழிலால் வாழ்ந்தார்கள் என்பது வில்லானியின் கணக்கு. ஆனால் கம்பளிச் சங்கத்தில் முதலாளிமார்தான் அங்கத்தவர். கூலியாட்களுக்குச் சங்கம் அமைக்கவே உரிமையில்லை. 1345இல் ச்சூத்தோ பிராந்தீனி என்ற கம்பளி சீவுகிற தொழிலாளி தன்னைப் போன்றவர்களை ஒன்றுசேர்க்க முயன்றார். கைது செய்தார்கள். அவரை விடச்சொல்லித் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். அவரைத் தூக்கிலிட்டார்கள். வட்டி தரும் பொதுக்கடனும் இந்தத் தூக்கும் ஏறக்குறைய ஒரே காலம்.

1378 ஜூலையில் அது வெடித்தது. ச்சொம்பி எண்டு அழைக்கப்பட்ட அந்தக் கூலித்தொழிலாளர் அரச மாளிகையைக் கைப்பற்றினார்கள். மிக்கேலே தி லாந்தோ என்ற கம்பளித் தொழிலாளி நகரத்தின் தலைமைப் பதவிக்கு வந்தார். அவர்களுடைய கோரிக்கைகளை வாசித்தால் எனக்கு ஆச்சரியம், அவை எவ்வளவு நிதானமானவை என்பதுதான். எங்களுக்கும் சங்கம் வேண்டும். பொதுக்கடனுக்கு வட்டி கொடுப்பதை நிறுத்து, அசலை 12 வருடத்தில் திருப்பிக் கொடு. நகரத்துக்குள்ளே சொத்து வரியைத் திரும்பக் கொண்டுவா. வாசலில் எடுத்த காசு எங்கே போகுது எண்டு அவர்களுக்கு வடிவாகத் தெரிந்திருக்கிறது. ஆறு கிழமை. ஓகஸ்ட் 31ஆம் திகதி மற்றச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அவர்களை அடித்து விரட்டின. மிக்கேலே தி லாந்தோவும் அப்போது அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நின்றார்.

சொத்துக் கணக்கெடுத்து வரி போடும் முறை 1427இல்தான் கத்தாஸ்தோ என்ற பெயரில் வந்தது. அதுவும் மிலானோடு நடந்த போர் கசானாவைக் காலி பண்ணிய பிறகு. ஏறக்குறைய அதே வருடங்களில், சான் ஃப்ரெதியானோ வாசலிலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் வருகிற கார்மினே தேவாலயத்தில், மசாச்சோ என்ற இளம் ஓவியர் பிராங்காச்சி குடும்பத்தின் சிற்றாலயச் சுவரில் ஆதாமும் ஏவாளும் துரத்தப்படுவதை வரைந்துகொண்டிருந்தார். படத்தின் இடது ஓரத்தில் ஒரு ஒடுங்கின வாசல், அதற்குள்ளேயிருந்து அழுதுகொண்டு வெளியே வருகிற இரண்டு பேர். வரையச்சொன்ன ஃபெலிச்சே பிராங்காச்சியும் பத்து வருடம் போகமுதல் மெதிச்சி குடும்பத்தால் நாடுகடத்தப்பட்டார். தாந்தேயையும் 1302இல் இந்த நகரம்தான் துரத்தியது. அவர் திரும்பி வரவேயில்லை.

மதிலைத் திட்டமிட்டவர்கள் நகரம் இன்னும் பெருகும் என்று நினைத்துத்தான் இவ்வளவு அகலமாகப் போட்டார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து சனத்தொகையை அரைவாசியாக்கியது. வில்லானியும் அதில்தான் இறந்தார். பிறகு 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் அந்த மதிலுக்குள் தோட்டமும் வெறுங்காணியும் நிறைய இருந்தன. அக்கரையில் ரோம வாசலுக்கும் சான் ஜோர்ஜோவுக்கும் இடையில் 16ஆம் நூற்றாண்டில் மெதிச்சிகள் போபொலித் தோட்டத்தை அமைக்க முடிந்தது, அங்கே வீடு கட்ட ஆள் வராதபடியால்தான்.

பீரங்கி வந்த பிறகு மதிலின் இராணுவப் பெறுமதியும் இறங்கிவிட்டது. 1494 நவம்பர் 17ஆம் திகதி பிரான்சின் எட்டாம் சார்ல்ஸ் சான் ஃப்ரெதியானோ வாசலால் ஈட்டியைத் தாங்கிப் பிடித்தபடி படையோடு உள்ளே வந்தார். ஒருத்தரும் மறிக்கவில்லை. கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது. 1526இல் மாக்கியவல்லி, ஸ்பானியப் பொறியியலாளர் பேத்ரோ நவாரோவோடு சேர்ந்து மதிலை வாசல் வாசலாகச் சுற்றிப் பார்த்து, எங்கே இடிக்கவேண்டும், எங்கே பலப்படுத்தவேண்டும் என்று அறிக்கை எழுதினார். அரசியல் தத்துவத்துக்குப் பேர்போன மனுசர் கடைசிக் காலத்தில் மதில் சபையின் செயலாளர். அந்த வருடங்களில் வாசல் கோபுரங்களின் உயரத்தைக் குறைத்தார்கள். உயரமான கோபுரம் குண்டு பட்டால் காவலரின் தலையில்தான் விழும். பின்னால் குன்று மறைத்துக்கொண்டு இருந்ததால் சான் நிக்கொலோ மட்டும் தப்பியது. இன்றைக்கும் முழு உயரத்தோடு நிற்பது அது ஒன்றுதான். அதன் நகரப் பக்கம் சுவரே இல்லாமல் மூன்று அடுக்கு வளைவுகளாகத் திறந்திருக்கும். எதிரி பிடித்தாலும் நகரத்துக்கு எதிராக அதற்குள் பதுங்க முடியாது.

1529 ஒக்டோபரில் பேரரசர் ஐந்தாம் சார்ல்சின் படை வந்து அக்கரைக் குன்றுகளில் இறங்கியது. அதற்கு முதலே மைக்கேலாஞ்சலோவை அரண் வேலைகளுக்குப் பொறுப்பாக நியமித்திருந்தார்கள். சான் மினியாத்தோ தேவாலயத்தின் மணிக்கோபுரத்தைக் குண்டிலிருந்து காப்பாற்ற அவர் கம்பளிப் பொதிகளைத் தொங்கவிட்டார். பத்து மாதம் நகரம் தாங்கியது. ஆனால் மதிலை யாரும் உடைக்கவில்லை. பசியும் நோயும் ஒருபக்கம். மறுபக்கம் நகரம் கூலிக்கு அமர்த்தியிருந்த தளபதி மலத்தெஸ்தா பாலியோனி, எதிரியோடு பேசிக்கொண்டு, தன் பீரங்கிகளை நகரத்தின் பக்கம் திருப்பினார். 1530 ஓகஸ்ட் 12ஆம் திகதி சரணடைந்தார்கள். குடியரசு முடிந்து மெதிச்சிகளின் ஆட்சி வந்தது. 1590களில் அவர்கள் சான் ஜோர்ஜோ வாசலுக்குப் பக்கத்தில் பெல்வெதெரே கோட்டையைக் கட்டினார்கள். அங்கேயிருந்து வெளிக்குன்றுகளையும் பார்க்கலாம், நகரத்தையும் குறிபார்க்கலாம்.

ஆட்சி மாறினாலும் வாசல் மேசை மாறவில்லை. 1865இல் புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகரமானபோது ஜுசேப்பே போஜ்ஜி என்ற கட்டடக்கலைஞர் வடகரை மதிலை முழுக்க இடித்து அகலமான வீதிகளை அமைத்தார். வாசல்கள் மட்டும் வாகனங்களுக்கு நடுவே தனித்தனியாக நின்றன. அக்கரையில் குன்றும் ஏற்றமும் இருந்ததால் மதில் பெரும்பாலும் தப்பியது. மதிலை இடித்தார்களே தவிர வரியை விடவில்லை. இன்னும் வெளியே தள்ளி ஒரு புது வரி எல்லை போட்டு, சந்திக்குச் சந்தி சாவடி கட்டினார்கள். அந்தச் சாவடிகளில் விவசாயியின் வண்டியை மறித்து முட்டையும் வைனும் எண்ணுகிற வேலை 1930இல்தான் இத்தாலி முழுக்க நிறுத்தப்பட்டது.